கை மாறும் வண்டியும் பெயர் மாறும் பத்திரமும்



நம் நாட்டுப்புறத்து மாட்டுச் சந்தைகளைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி மறந்திராது. காளை வாங்க வந்தவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்று எண்ணி வயதைத் தெரிந்துகொள்வார். பிறகு சுழி பார்ப்பார். நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். விலை பேசுவதோ துண்டின் மறைவில், விரலைப் பிடித்து நடைபெறும். இத்தனை விழிப்போடு மாடு பிடித்த மரபில் வந்த நாம், சில லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கும்போது, வண்ணப்பூச்சின் பளபளப்பையும் விற்பவரின் இன்சொல்லையும் கண்ட அளவிலேயே மனம் நிறைந்துவிடுகிறோம். சொந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் தமிழருக்கு இந்த வணிகத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அதனைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

நான் வாழும் மைசூரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1950-ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பெற்ற மைய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், 1969-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், ரயில்வே பணிமனை ஆகியவற்றிலும், கடைகளிலும் கட்டடத் தொழிலிலும் தமிழர் பலர் உழைத்து வாழ்கின்றனர். இவர்களுக்கு ஈரோடும் கோவையும் எட்டாத ஊர்கள் அல்ல. நஞ்சன்கூடு, சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகச் சென்று, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் பண்ணாரியும் சத்தியமங்கலமும் வந்துவிடும். முதிய தாயையும், பள்ளிப் பிள்ளைகளையும், பொங்கலுக்கான மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இவ்வழியே செல்லச் சிறிய கார் ஒன்று இருந்தால் நல்லது என்று எண்ணாத குடும்பம் அரிது. புதிய வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது, கண் பழைய வண்டியின்மேல் விழுகிறது.

அவ்வாறு தேடுவோர் பலரும் விரும்புவது, உயரமான கூரையும் பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கதவும் உடைய சிறு வண்டியை. மாருதி நிறுவனத்தின் வேகன் ஆர் இவ்வகையில் நாடெங்கும் அறியப்பட்ட பெயர். ‘வேகன்’ என்றால் நம் மக்களுக்கு நினைவில் வருவது ரயிலின் சரக்குப் பெட்டி. மேல்நாட்டில் அச்சொல் முதலில் குதிரை பூட்டிய பெருவண்டியைக் குறித்தது. பின்னர், ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஒருசேர ஏற்றிவரும் மோட்டார் வண்டிக்கு ஆயிற்று. ஆளும் சுமையும் ஒரே கூரையின்கீழ் என்பதே அதன் கருத்து. அக்கருத்தைச் சுருக்கி, நெருக்கமான ஜப்பானிய நகரத் தெருக்களுக்கு ஏற்ற சிற்றுருவில், 1993-ஆம் ஆண்டில் சுசுகி நிறுவனம் இவ்வண்டியை வெளியிட்டது. அகலமும் நீளமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட இடத்தில், வடிவமைப்பாளர் உயரத்தைக் கூட்டி இடத்தைத் தேடினர். 1999 டிசம்பரில் அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, நம் இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் சான்ட்ரோ, உயரமான சிறு காரை இந்தியருக்குப் பழக்கிவிட்டிருந்தது.

இதன் பயனை முதியவர்களே நன்கு உணர்வர். தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி அமர வேண்டும். இவ்வண்டியிலோ நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம். முழங்கால் வலியுள்ள தாய்க்கு இது பெரிய உதவி. ஆயினும், ஒரே பெயரில் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. முதல் தலைமுறை வண்டியில் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 2010-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு 998 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் அமைந்தது. அதன் டிக்கியில் 180 லிட்டர் அளவுக்கே இடம் உண்டு. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறையில் அவ்விடம் 341 லிட்டராக விரிந்தது. குடும்பத்தின் மூட்டைகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வெண்கள் பேசும்.

உயிர்க்காப்பிலும் 2019 ஒரு எல்லைக்கோடு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். அமைப்பு அவ்வாண்டு ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை ஜூலை முதலும் புதிய கார்களில் கட்டாயமாயின. அதற்கு முந்திய வண்டிகளில் இவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மலைப்பாதையில் பிள்ளைகளோடு இறங்கப்போகிறவர், இசைப்பெட்டி நன்றாகப் பாடுகிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதனைக் கேட்க வேண்டும். இவை இருந்தாலும் சிறு வண்டிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. குளோபல் என்கேப் என்னும் அமைப்பு 2019-இல் நடத்திய மோதல் சோதனையில், அவ்வாண்டின் வேகன் ஆர் ஐந்து நட்சத்திரங்களுக்கு இரண்டே பெற்றது. அளவான வேகமும், பின்னிருக்கையிலும் இடைப்பட்டை அணியும் வழக்கமும் இவ்வண்டிக்குரிய ஒழுக்கங்கள்.

இனி, பழைய வண்டிச் சந்தையின் இயல்பைப் பார்ப்போம். 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே பழைய கார் வணிகம்தான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர், இரண்டுக்கும் நடுவான விலையையே தர முன்வருவார். அவ்விலை கட்டாது என்று நல்ல வண்டிக்காரர் விலகிக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவன குறையுள்ளவையே. முன்பு பல இதழ்கள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரைக்காகவும் அதனைத் தொடர்ந்த ஆய்வுக்காகவும் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. விற்பவர் அறிந்ததற்கும் நாம் அறிந்ததற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்கக் குறைக்க, நாம் கொடுக்கும் விலை நியாயமாகும்.

அத்தொலைவைக் குறைக்கும் வழிகள் சில. வண்டியைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். மாலையிலோ மழையிலோ பார்த்தல் ஆகாது. பக்கவாட்டில் சாய்ந்து நோக்கினால், ஒரு கதவின் நிறம் அடுத்த கதவோடு ஒவ்வாமல் நிற்பது புலப்படும். அங்கே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். பானெட்டைத் தாங்கும் திருகாணிகளில் கருவி பட்ட தழும்பு இருந்தால் காரணம் கேட்க வேண்டும். காளைக்குப் பல்லைப்போல், டயருக்கும் வயதைக் காட்டும் அடையாளம் உண்டு. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். தேய்மானம் குறைவாக இருந்தாலும், ஆண்டுகள் பல ஆன ரப்பர் வலுவிழந்திருக்கும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதலில் முடுக்கச் சொல்ல வேண்டும். நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம், தவறில்லை. நீலப் புகை, எண்ணெய் எரிகிறது என்பதைக் காட்டும். விடாது வரும் வெண்புகையும், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவும், கூலன்ட் நீர் எங்கோ கலக்கிறது என்பதற்கு அறிகுறிகளாகலாம். கிளட்ச் மிக மேலே வந்த பிறகே பிடிக்குமானால், அது தேய்ந்து முடியும் தறுவாயில் உள்ளது எனலாம். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், பணிமனையில் பழுதுபார்த்த பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மிதிகளின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்க, மீட்டர் இருபதாயிரம் காட்டினால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வண்டி வருவதானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊருக்குப் போகக்கூடும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக்கறை இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று நோக்குங்கள். நீர் புகுந்த வண்டியில் மின்கம்பிகளின் கோளாறு இன்றில்லாவிட்டால் நாளை தோன்றும். நாமே பார்த்த பின்னரும், விற்பவர் காட்டும் மெக்கானிக்கை விட்டு, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுதல் நலம். அக்கூலி வீண்செலவன்று.

இதுவரை சொன்னவை வண்டியின் பாதி. மறுபாதி, தாளிலும் அரசின் கணினிப் பதிவேட்டிலும் உள்ளது. அந்தப் பாதியில்தான் வெளிமாநிலத் தமிழர் பெரிதும் இடறுகின்றனர்.

சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டியின் உரிமையாளர் யார்? பணம் கொடுத்தவரா, சாவி வைத்திருப்பவரா, பதிவேட்டில் பெயர் உள்ளவரா? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இக்கேள்விக்குத் தெளிவான விடை கூறியது. ஒருவர் 2007-இல் தம் வண்டியை விற்றார். வாங்கியவர் அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு விற்றார். அதன் பின்னரும் அது கை மாறிற்று. பதிவேட்டிலோ முதல்வரின் பெயரே நின்றது. 2009-இல் அவ்வண்டியால் நேர்ந்த விபத்தில் ஓர் உயிர் போயிற்று. இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்துக்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே வண்டியை விட்டுப் பிரிந்தவரை, அவ்வண்டி அங்கே வந்து பிடித்துக்கொண்டது. ஆகவே பெயர் மாற்றம் வாங்குபவரின் தேவை மட்டுமன்று. விற்பவரின் உயிர்நாடியும் அதுவே.

நடைமுறை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே மாநிலத்துக்குள் விற்பனை நடந்தால், விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. அதற்குரியவை 29, 30 எண்ணுள்ள படிவங்கள். வண்டியின்மேல் வங்கிக் கடன் இருந்திருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நிற்கும்வரை, ‘கடனை எப்போதோ கட்டிவிட்டேன்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நடுவண் அரசின் பரிவாகன் இணையச் சேவையில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவு நாள், காப்பீட்டின் கெடு போன்ற செய்திகள் தெரியவரும்.

வண்டி வேறு மாநிலத்தைச் சேர்ந்ததாயின், முதலில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து 28-ஆம் படிவத்தின் வாயிலாக ஒரு சான்று பெற வேண்டும். மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் இச்சான்றின் பெயர்கள் எனக்கு வியப்பளிப்பதுண்டு. தமிழில் ‘தடையின்மைச் சான்று’ என்கிறோம். கன்னடத்தார் ‘நிராக்ஷேபணா பத்ர’ என்கின்றனர். அலுவலக மேசையிலோ இரு மொழியினரும் ‘என்.ஓ.சி.’ என்று ஒன்றுபட்டுவிடுகின்றனர். பெயர் எதுவாயினும், இது இல்லாமல் ஈரோட்டு வண்டி மைசூர் வண்டியாக முடியாது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்துப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். மைசூர் மேற்கு அலுவலகமாயின் கே.ஏ. 09 என்றும், கிழக்கு அலுவலகமாயின் கே.ஏ. 55 என்றும் புதிய எண் தொடங்கும்.

இங்கேதான் விலைக்கணக்கு மாறுகிறது. ஊரில் விற்கும் வண்டி, மைசூரில் விற்கும் அதே வயதுள்ள வண்டியைவிட மலிவாகத் தோன்றலாம். ஆனால் அதனை இங்கே பதிவு செய்யும்போது, அதன் வயதுக்கும் மூலவிலைக்கும் ஏற்பக் கர்நாடகத்தின் வாழ்நாள் வரியைச் செலுத்த வேண்டியிருக்கும். முன்பு ஊரில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்க வழியுண்டு. ஆயினும் அதற்கு அலைச்சலும் காத்திருப்பும் உண்டு. அப்பணம் கிடைத்தால் விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்வது நன்று. ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: வண்டியின் விலை, உடனே செய்ய வேண்டிய பழுதுச் செலவு, வரியும் பதிவுக் கட்டணமும், காப்பீடு. நான்கையும் கூட்டி வரும் தொகையே உண்மையான விலை. அதனை மைசூரிலேயே பதிவான வண்டியின் விலையோடு ஒப்பிட்டால், ஊர்வண்டியின் மலிவு கரைந்துபோவதைப் பல வேளைகளில் காணலாம்.

நடுவண் அரசுப் பணியாளர்போல் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்வோருக்கு 2021-இல் ஒரு வசதி பிறந்தது. ‘பி.எச்.’ என்ற எழுத்துகளைத் தாங்கிய பாரத் வரிசைப் பதிவெண் அது. அவ்வெண் பெற்ற வண்டிக்கு மாநிலந்தோறும் புதிய எண் வேண்டுவதில்லை. வரியையும் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். அவ்வெண்ணுள்ள பழைய வண்டியை, அத்தகுதி இல்லாத ஒருவர் வாங்கினால், சாதாரண எண்ணுக்கு மாற்றி அதற்குரிய வரியைச் செலுத்த வேண்டிவரும். வாங்குவோர் இதனையும் கணக்கில் கொள்க.

வண்டியின் வயதும் ஒரு செலவே. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதின்மூன்று ஆண்டு ஓடிய வண்டியை வாங்குபவர், விலையோடு அச்சோதனையையும் சேர்த்தே வாங்குகிறார். காப்பீட்டிலும் கவனம் தேவை. வண்டி கை மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளாவிட்டால், பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பு தொடர்ந்தாலும், நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஈடு கிடைப்பது அரிதாகும். ஈடு கோராமல் இருந்ததற்கான சலுகை, மனிதரைச் சார்ந்தது. வண்டியைச் சார்ந்தது அன்று. அது விற்றவரோடு போய்விடும்.

வணிகரிடம் வாங்குவோருக்கும் ஒரு செய்தி. பழைய வண்டி வணிகர் பதிவு பெற்றுத் தொழில் செய்ய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிமையாளர் வண்டியை அத்தகைய வணிகரிடம் ஒப்படைத்து, அதனை உரிய படிவத்தில் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டால், அன்று முதல் அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆதலால் வணிகரிடம் அப்பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமதிப்பாகாது.

இத்தனையும் சட்டத்தில் இருக்க, நம்மவர் ஏன் இடறுகின்றனர்? அயலூரில் வாழ்வோருக்குத் தம் ஊர்ப் பேச்சைக் கேட்டாலே நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது. மாற்றலாகிச் செல்லும் ஒரு தமிழ் நண்பர், ‘அண்ணே, வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பேப்பரெல்லாம் ஊருக்குப் போய் அனுப்புகிறேன்’ என்கிறார். ‘உங்களை நம்பாமல் யாரை நம்பப்போகிறேன், தம்பி’ என்று இவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இருவருமே நல்லவர்கள். ஆனால் நண்பர் வேறு ஊருக்குப் போன பின் கையெழுத்துக்கும் கைரேகைக்கும் அவரைத் தேட வேண்டியிருக்கிறது. மாதங்கள் ஆண்டுகளாகின்றன. ஒருநாள் சாலையில் ஏதேனும் நேர்ந்துவிட்டால், நீதிமன்ற ஓலை அந்தத் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. நட்பும் அன்றோடு முறிகிறது.

பத்திரம் கேட்பது ஐயுறவின் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். அந்த எண்ணம்தான் மாற வேண்டும். நண்பரைப் பிற்காலத்து வழக்கிலிருந்து காப்பாற்றுவதற்காகவே அவரிடம் கையெழுத்துக் கேட்கிறோம். தடையின்மைச் சான்றும், கையெழுத்திட்ட படிவங்களும், கடன் நீக்கக் கடிதமும் கைக்கு வந்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டால், அதில் இருவருக்கும் காப்பு உண்டு. சிறிது பணத்தை நிறுத்தி வைத்து, பெயர் மாறிய நாளில் கொடுப்பதும் நல்ல முறையே. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால், கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

பழைய வண்டி வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. ஒருவர் பயன்படுத்தி முடித்ததை இன்னொருவர் போற்றி வைத்துக்கொள்வது சிக்கனமான குடும்பத்துக்கு அழகு. நன்கு தேர்ந்தெடுத்த சிறு வண்டி பல ஆண்டுகள் உழைக்கும்; திம்பத்தின் வளைவுகளில் முதிய தாயை அலுங்காமல் இறக்கி, ஊர் சேர்க்கும். ஆனால் அவ்வண்டி எல்லையைக் கடந்து சோதனைச் சாவடியில் நிற்கும்போது, அதிகாரி கேட்கும் தாளில் இருக்க வேண்டிய பெயர் உங்கள் பெயர். சாவியை வாங்கிய நாளைவிட, அந்தப் பெயர் ஏறிய நாளையே வண்டி உங்களுடையதான நாள் என்று கொள்ளுங்கள்.